காப்பிக்கொட்டைக்கு ஓய்வு

என் மகள் ஒரு நாளைக்கு இரண்டு ஷிப்ட் வேலை பார்க்கிறாள். அவள் புருஷன் வறுக்கும் காப்பிக்கொட்டை ஒரு வாரம் ஓய்வெடுக்கிறது. எங்கள் வீட்டு லட்சணம் இதுதான்.

ஓய்வு என்கிற வார்த்தை என்னுடையதில்லை. மாப்பிள்ளையே சொன்னது. "வறுத்த கொட்டை ஓய்வெடுக்கணும் மாமா, அப்பதான் ருசி வரும்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னான். அந்த நேரம் என் மகள் ஹோட்டல் சலவைக்கூடத்தில் அடுத்தவன் படுத்த விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. அதற்கு ஓய்வு யார் கொடுப்பது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. அவர்கள் வீட்டில் இருந்து சாப்பிடுகிறேன். மாப்பிள்ளையிடம் நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். மனசுக்குள் அவன் இவன்தான்.

அவனுடைய ஆபீசை இழுத்து மூடிவிட்டார்கள். வேறு வேலை தேடுவான் என்று பார்த்தால், கடைசியாக வந்த பணத்தில் ஒரு வறுக்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தான். மூன்றாவது மாடி பால்கனியில், துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே அதை வைத்தான். பச்சைக்கொட்டையை உள்ளே போட்டால் முதலில் நனைந்த வைக்கோல் வாடை வரும். அப்புறம் கருகின ரொட்டி வாடை. அப்புறம் உள்ளே படபடவென்று வெடிக்கும். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பதுபோல மாப்பிள்ளை மெஷினில் காதை வைத்துக் கேட்பான். கொட்டையிலிருந்து உரிகிற தொலி, மீன் செதில் மாதிரி லேசானது, வீடு முழுக்கப் பறக்கும். என் பனியனில் ஒட்டும். சோற்றில் விழும். ஒருநாள் என் பல்செட்டைப் போட்டுவைக்கிற டம்ளரில் மிதந்தது. அன்று நான் பல் இல்லாமலே சாப்பிட்டேன்.

இவ்வளவு அசிங்கத்துக்கும் பிறகு, வறுத்ததைக் குடிக்கவாவது முடியுமா? முடியாது. ஆறப்போட வேண்டும்.

எனக்கு இதில் நம்பிக்கை வரவில்லை. புதுசு பழசானால் ருசி குறையும், இது பிறந்த பிள்ளைக்கும் தெரியும். "இப்பவே போடுங்க, சூடு இருக்கும்போதே குடிச்சுப் பாத்துடலாம்" என்றேன். அவன் தயங்கினான்.

"இன்னிக்கி நல்லா இருக்காது மாமா."

"நல்லா இல்லாததை ஏன் வறுத்தீங்க?"

போட்டுக் கொடுத்தான். தூளில் வெந்நீர் பட்டதும் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை பொங்கி வெளியே வழிந்தது. வாயில் வைத்தேன். புகை, அதற்குப் பின்னால் பச்சைப் புல், அதற்கும் பின்னால் ஒரு புளிப்பு. மாடு மேய்ந்த வயலுக்குத் தீ வைத்து அந்தச் சாம்பலைக் கரைத்துக் கொடுத்தால் இப்படித்தான் இருக்கும். தொட்டியில் துப்பினேன்.

"உள்ள காத்து அடைஞ்சு கிடக்குது மாமா. அது வெளிய போறவரைக்கும் தண்ணி கொட்டைக்குள்ள ஒழுங்கா இறங்காது. ஒரு வாரம் போனா புகை அடங்கி இனிப்பு மேல வரும். ரொம்ப நாள் விட்டாலும் செத்துடும்."

"காப்பிக்கு இவ்வளவு பக்குவம் பாக்குற ஆளு, பொண்டாட்டிக்கும் கொஞ்சம் பாக்கலாம்" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு டப்பாக்களைத் துடைத்தான். திருப்பிப் பேசமாட்டான். அதுவும் எனக்குப் பிடிக்காது.

அந்த டப்பாக்கள் எங்கே ஓய்வெடுக்கின்றன தெரியுமா? என் அறையில். ஹாலில் வெயில். சமையலறையில் தாளிக்கிற புகை. பால்கனியில் ஈரக்காற்று. என் ஜன்னலுக்கு ஒரு முழம் தள்ளிப் பக்கத்துக் கட்டடத்துச் சுவர் நிற்பதால் அங்கே சூரியன் எட்டிக்கூடப் பார்க்காது. குளிர்ச்சி, இருட்டு. மனுஷன் இருக்க லாயக்கில்லை என்று நான் சொன்ன அறை, காப்பிக்கொட்டைக்கு அரண்மனையாகிவிட்டது. என் கட்டிலுக்குத் தலைமாட்டில் பலகை அடித்து வரிசையாக வைத்துவிட்டான். தலையணையெல்லாம் காப்பி நாற்றம்.

வைத்த முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் கண் அசந்திருந்தேன். தலைக்குமேல் 'டப்' என்று ஒரு சத்தம். ஒரு டப்பா மூடி பறந்து போய்ச் சுவரில் அடித்து என் வயிற்றில் விழுந்தது.

நான் நாற்பது வருஷம் டயர் கடையில் இருந்தவன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் அடைத்துவைத்த காற்று என்ன செய்யும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். லாரி டயருக்குக் காற்று ஏற்றும்போது இரும்பு வளையம் தெறித்து எங்கள் முதலாளியின் தாடையைக் கொண்டுபோனது. பக்கத்தில் பம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். அதற்குப் பிறகு மூடிவைத்த எதற்குப் பக்கத்திலும் நான் நிம்மதியாகத் தூங்கியதில்லை.

மாப்பிள்ளை சிரித்தான். "முதல் நாள் மட்டும் லேசா திறந்து வச்சா போதும் மாமா. மறுநாள் நான் இறுக்கி மூடிடறேன். அப்புறம் ஒண்ணும் ஆகாது."

ஒன்றும் ஆகாதாம். எங்கள் முதலாளியும் அதைத்தான் சொன்னார். மாப்பிள்ளை காலையில் வந்து மூடியை இறுக்கிவிட்டுப் போவான். நான் படுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகத் தளர்த்திவிட்டுப் படுப்பேன். எழுந்ததும் மேலாக்க ஒப்புக்கு மூடிவைப்பேன். அவனுக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உயிர் என்னுடையது.

இப்படி இருக்கும்போது ஒரு பேக்கரிக்காரம்மா இவனுடைய காப்பியைச் சுவைத்துப் பார்க்கச் சம்மதித்தாள். பஸ்ஸில் நாலு ஸ்டாப் தள்ளிக் கடை. ரொட்டி வாங்க வருகிறவர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்க மேசை போட்டிருக்கிறாள். அவள் எடுத்துக்கொண்டால் வாராவாரம் நிலையான வியாபாரம். மகள் அன்று காலை செருப்பு மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அந்தம்மா சரின்னு சொல்லிட்டாங்கன்னா ரெண்டாவது ஷிப்டை விட்டுடுவேன்பா. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டாள். மாப்பிள்ளை விஷயத்தில் எனக்கு ஆக வேண்டியது அந்த ஒன்றுதான்.

நானும் கூடப் போனேன். இவனை ஏமாற்ற ஒரு ஆள் வேண்டாம், வாசல்படியே போதும். ஒரு வாரம் ஆறின டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தேன்.

பேக்கரிக்காரம்மா குட்டையான ஆள், கை முழுக்க மாவு. மாப்பிள்ளையின் காப்பியை ஒரு கிண்ணத்திலும், ஏதோ கம்பெனி வண்டிக்காரன் கொடுத்ததை இன்னொரு கிண்ணத்திலும் ஊற்றினாள். கரண்டியில் எடுத்து 'சர்ர்ர்' என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி உறிஞ்சினாள். வாய்க்குள் குலுக்கினாள். அப்புறம் பக்கத்தில் வைத்திருந்த குவளையில் துப்பினாள். கடை நடத்துகிற ஒரு பொம்பளை, ரொட்டி அடுக்கின மேசையில் நின்று துப்புகிறாள்.

"என்னம்மா இது, துப்புறீங்க?" என்றேன்.

"எல்லாத்தையும் துப்பித்தான் பாப்பேன் பெரியவரே. நாள் பூரா குடிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும். வாங்கப்போறது எதுவோ அதை மட்டும்தான் முழுங்குவேன்."

மாப்பிள்ளையுடையதை மறுபடி உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். துப்பினாள்.

"வறுவல் நல்லாருக்கு தம்பி. ஆறவும் வச்சிருக்கீங்க, இனிப்பு தெரியுது. ஆனா கடைசியில ஏதோ ஒண்ணு வருது. காப்பி வாசனை இல்ல அது. ஜில்லுன்னு, ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி." சொல்லும்போது என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் பழைய சட்டையைப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். "வண்டிக்காரருக்கு அடுத்த வாரம் பதில் சொல்லணும். அதுக்குள்ள இன்னொரு தடவை கொண்டாங்க. அதுலயும் இது வந்துதுன்னா என்னை மன்னிச்சுக்கங்க."

திரும்பி வரும்போது மாப்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். "நம்ம வீட்ல எல்லாரும் குடிச்சுப் பாத்தோமே மாமா. யாருக்கும் அப்படி ஒண்ணும் தெரியலயே."

"அவ வண்டிக்காரன்கிட்ட பேசி முடிச்சுட்டா. உங்களைத் தட்டிக் கழிக்க ஆஸ்பத்திரி, வராண்டான்னு கதை விடுறா" என்றேன். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவன் அந்தம்மா சொன்னதை நம்பினான். தப்பு தன்னுடையது என்று சொன்னால் உடனே நம்பிவிடுகிற ஜாதி அவன். "ஆறவைக்கிறதுதான் தப்போ என்னமோ. வச்சிருக்கிற நாள்ல எதையோ பிடிச்சுக்குது. நீங்க சொன்னதே சரி மாமா. அடுத்த தடவை அன்னிக்கி வறுத்ததை அன்னிக்கே கொண்டுபோறேன்."

நான் சொன்னதே சரி என்று வாழ்க்கையில் முதல் முறையாக ஒருத்தன் சொல்கிறான். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாக்கில் அந்தச் சாம்பல் கரைசல் ஞாபகம் வந்தது.

மறுநாள் மகளின் வேலைப் பையில் ஒரு சின்ன பாட்டில் இருந்தது. அதே தடவை வறுத்த கொட்டை. சலவைக்கூடத்தில் பொடித்துப் போட்டுக் குடி என்று மாப்பிள்ளை கொடுத்து அனுப்பினானாம். இவளுக்கு உட்கார நேரமில்லை, அது வேலையிடத்தில் அவள் சாமான் வைக்கிற பெட்டிக்குள்ளேயே ஒரு வாரம் கிடந்து திரும்பி வந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஒரே வறுவல், ஒரே ஆறல். ஒன்று வீட்டில், ஒன்று வெளியில். இரண்டையும் போட்டு வேற்று ஆளுக்குக் கொடுப்போம். இரண்டும் ஒன்றுதான் என்று அவன் சொல்லட்டும். பேக்கரிக்காரி புளுகி என்று அவள் கடை வாசலிலேயே நின்று சொல்கிறேன்.

கீழ்த்தளத்தில் தையல்காரன் இருக்கிறான். எனக்கு இந்தக் கட்டடத்தில் பேச்சு இருக்கிற ஒரே ஆள். எதிரில் இருப்பவன் மனசு நோகுமே என்று யோசிக்கிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. இரண்டு டம்ளரையும் அவன் மெஷின்மேல் வைத்தேன்.

"என்னய்யா இன்னிக்கி இவ்வளவு பாசம்? விஷமா?"

"குடிச்சுட்டுச் சொல்லு. வித்தியாசம் இருக்கா?"

மகளின் பாட்டிலில் இருந்து போட்டதை முதலில் குடித்தான். கையிலிருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு வாய் குடித்தான். "இது அருமையா இருக்குய்யா. சர்க்கரை போட்டியா?"

"போடல."

என் அறை டப்பாவில் இருந்து போட்டதை எடுத்தான். ஒரு வாய்தான். முகம் சுருங்கி, கிடைத்த வெட்டுத்துணியில் நாக்கைத் துடைத்தான்.

"என்ன இது, உன் முட்டியைக் கழுவின தண்ணியா?"

"என்ன சொல்ற?"

"உன் தைலம்யா. காலையிலயும் சாயங்காலமும் தேய்ச்சுக்கிறியே, அந்தப் பச்சைத் தைலம். நீ மாடிப்படி இறங்கும்போதே எனக்கு இங்க தெரிஞ்சுடும், யாரு வராங்கன்னு நிமிந்துகூடப் பாக்கமாட்டேன். அது இதுக்குள்ள எப்படிய்யா போச்சு?"

இரண்டு டம்ளரையும் எடுத்து மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன். முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முறை தெரிந்தது. தொண்டை இறங்கும் இடத்தில் ஜில்லென்று, கற்பூரமும் புதினாவும் வேப்பெண்ணெயும் கலந்த ஒன்று. என் முட்டியை நானே குடித்துக்கொண்டிருந்தேன். தையல்காரனின் வெட்டுத்துணிக் கூடையிலேயே துப்பினேன். அவன் என் பரம்பரையை இழுத்துத் திட்டினான்.

படியில் உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் வீட்டில் யாருக்கும் அது ஏன் தெரியவில்லை என்றால், எல்லாரும் ராப்பகலாக அதிலேயே மூச்சுவிடுகிறோம். கொட்டை காற்றை வெளியே விட்டுவிட்டு அறையில் இருப்பதை உள்ளே வாங்கியிருக்கிறது. மூடி இறுக்கமாக இருந்திருந்தால் வாங்கியிருக்காது. மூடியைத் திறந்தது யார் என்று ஊரைக் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பேக்கரிக்காரி சொன்னது நிஜம் என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. யாரையுமே நம்பாமல் இவ்வளவு காலம் ஓட்டியவனுக்கு, துப்புகிற பொம்பளையை நம்ப வேண்டி வந்தது.

மேலே போனபோது மாப்பிள்ளை பால்கனியில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தான். மூட்டையில் ஒரு தடவை வறுக்கத்தான் கொட்டை மிச்சம்.

"எப்ப வறுக்கப்போறீங்க?"

"அந்தம்மாகிட்ட போற அன்னிக்கி காலையில மாமா. சுடச்சுட கொண்டுபோயிடலாம்."

"இன்னிக்கே வறுங்க. வறுத்து ஆற வைங்க."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீங்கதான மாமா பழசாயிடும்னு சொன்னீங்க?"

"அப்ப அப்படிச் சொன்னேன். இப்ப இப்படிச் சொல்றேன். சாம்பலைக் கொண்டுபோய் ஒரு பொம்பளை வாயில ஊத்தாதீங்க. என் ரூம்லயே வைங்க. நான் ஹால்ல படுத்துக்கிறேன்."

"ஏன் மாமா, என்ன ஆச்சு?"

"உங்க காப்பி நாத்தத்துல மனுஷன் இருக்க முடியாது. இத்தனை நாள் இருந்ததே பெரிசு."

அவன் முகம் தொங்கிப்போனது. போகட்டும். அவன் வறுக்கப் போனதும் நான் கதவைச் சாத்திக்கொண்டேன். விரிப்பு, தலையணை உறை, திரை எல்லாவற்றையும் உருவிக் குளியலறைக்குக் கொண்டுபோனேன். மகளிடம் கொடுக்கலாம்தான். நாள் முழுக்க அடுத்தவன் விரிப்பு, வீட்டுக்கு வந்தால் அப்பன் விரிப்பா? நானே வாளியில் ஊறவைத்துக் கசக்கினேன். அப்புறம் மண்டிபோட்டுத் தரையைத் துடைத்தேன். கட்டில் சட்டம், பலகை, கதவுக் கைப்பிடி. கைப்பிடியில் விரலை வைத்தால் வழுக்கியது. அவ்வளவு எண்ணெய். இத்தனை நாள் என் மகள் இந்தக் கைப்பிடியைத் தொட்டுத்தான் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. முட்டி இரண்டும் நெருப்பாக எரிந்தன. தைலம் போடவில்லை.

மகள் வேலையிலிருந்து வந்து ஹாலைப் பார்த்தாள். சோபாவில் என் போர்வை, ஜன்னலோரம் என் பல்செட் டம்ளர், தைல சீசா.

"என்னப்பா, குடித்தனமே மாறிடுச்சு? அவர்கூட சண்டையா?"

"சண்டை போடுற அளவுக்கு அவருக்கு வாய் இருக்கா?"

"தைலத்தையும் தூக்கிட்டு வந்துட்டீங்க."

"பின்ன, காப்பிக்கொட்டைக்கு முட்டி வலிக்குதா?"

அவள் சிரித்தாள். அப்புறம் மூடியிருந்த என் அறைக் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சோபாவில் என் காலடியில் உட்கார்ந்து தன் விரலில் பிளாஸ்திரியைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

அந்த வாரம் முழுக்க அந்த அறைப் பக்கம் நான் போகவில்லை. இந்தத் தடவை டப்பா இறுக்கி மூடியிருந்தது. வெடித்தால் வெடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விட்டேன் என்று சொல்கிறேனே தவிர, ஒவ்வொரு மத்தியானமும் சோபாவில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிவைத்திருந்தேன். வரவில்லை. பிரிட்ஜ் மட்டும் என் தலைமாட்டில் உறுமிக்கொண்டிருந்தது.

போகிற அன்று குளித்துவிட்டு, மகள் சலவைக்கூடத்தில் தேய்த்துக் கொண்டுவந்த சட்டையைப் போட்டேன். இரண்டு நாளாகத் தைலம் தொடவில்லை. பஸ் படி ஏறும்போது கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துப்போட வேண்டியிருந்தது. டப்பாவை மாப்பிள்ளையே மடியில் வைத்துக்கொண்டான். நான் மூன்று சீட் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஏன் மாமா அங்க போய் உக்காந்தீங்க?"

"காத்து வருது."

பேக்கரி வாசலில் நான் நின்றுவிட்டேன். "நீங்க போங்க. உள்ள ஈஸ்ட் நாத்தம், எனக்கு ஆகாது."

"வாங்க மாமா. தனியா எனக்குக் கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்குற கை பொய் சொல்லாது. போங்க."

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தான். அந்தம்மா மூக்கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள். அவள் தலை நிமிர்ந்து யாரையோ தேடியது. கண்ணாடி வழியாக என்னைக் கண்டுபிடித்தாள். நான் தெருவில் ஒரு வண்டியைப் பார்க்கிறவன் மாதிரித் திரும்பிக்கொண்டேன். பொடித்தார்கள். வெந்நீர் ஊற்றினார்கள். நுரை கொஞ்சமாக எழும்பி, அலட்டாமல் அடங்கியது.

வண்டிக்காரனுடையதை உறிஞ்சினாள். குவளையை எடுத்துத் துப்பினாள்.

மாப்பிள்ளையுடையதை உறிஞ்சினாள். வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கை குவளைப் பக்கம் போனது. நான் கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தேன். கை குவளையின் காதைத் தொட்டு, அங்கேயே நின்றது. அவள் தொண்டை ஒருமுறை மேலே ஏறி இறங்கியது. வாத்து தண்ணீர் குடிப்பதுபோல, பார்க்கச் சகிக்கவில்லை. அப்புறம் கிண்ணத்தையே தூக்கி மீதியையும் குடித்தாள்.

மாப்பிள்ளை திரும்பி என்னைப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினான். அசடு. கடை முழுக்க ஆட்கள் பார்க்கிறார்கள்.

பக்கத்துக் கடைப் படியில் போய் உட்கார்ந்தேன். இன்று சாயங்காலம் மகள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிடுவாள். என் அறை இனி எனக்குத் திரும்பி வராது. காப்பிக்கொட்டைக்கு அறை, பெற்ற அப்பனுக்குச் சோபா. பையிலிருந்து சீசாவை எடுத்து, வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டி, இரண்டு நாள் பாக்கியையும் சேர்த்துத் தேய்த்தேன். நடந்துபோன ஒருத்தி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னை முறைத்தாள்.

பிடிக்காவிட்டால் எதிர்ப்பக்கம் போக வேண்டியதுதானே.